ரெண்டு தோசைக்கு எழுதின பதில்

அந்த பெஞ்சி வேணாம் சார், அதுக்கு ஒரு கால் ஆட்டம். நேத்துதான் ஒருத்தர் பொத்துனு விழுந்தாரு. இப்படி வாங்க, இந்தப் பக்கம் உக்காருங்க. திண்டிவனம் பஸ்ஸுக்குத்தான? அது வர்றதுக்கு இன்னும் முக்கா மணி ஆவும். வழியில டயர் பஞ்சராம். டீக்கடை செல்லப்பன் சொன்னான், அவனுக்குத் தெரியாம இந்த செஞ்சி பஸ் ஸ்டாண்டுல ஒரு பஸ்ஸு நுழைய முடியாது.

நானா? நான் எங்கியும் போவல. சும்மா உக்காந்திருக்கேன். இதுவா, டிபன் பாக்ஸு. ரெண்டு தோசை. வூட்ல கட்டிக் குடுத்தாங்க. சாப்பிடலாம், இன்னும் பொழுது இருக்குதுல்ல. எங்கள்ல பொழுது சாஞ்சா சாப்பிடறதில்ல சார். ஆமா, நைனார் வூடுதான், சமணம். மேல்சித்தாமூர்ல மடம் இருக்குதே, அதான் நமக்குப் பூர்வீகம். பேரு குணபாலன். அதோ பாருங்க ராஜகிரி மலை, சூரியன் அதுக்குப் பின்னால இறங்கறதுக்குள்ள வாய் கழுவிடணும். அப்பால விடியற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. சின்ன வயசுலேர்ந்து பழக்கம், கஷ்டம்லாம் ஒண்ணுமில்ல. ஆனா இந்தப் பழக்கத்தால ஒரு தபா நடந்துச்சு பாருங்க... இருக்கட்டும், அது அப்புறம்.

சர்க்கார் குமாஸ்தா சார். எந்த ஆபீஸுன்னு மட்டும் கேக்காதீங்க, பதினெட்டு வருஷம் சோறு போட்ட எடம். வேலை இன்னான்னு சொன்னா சிரிப்பீங்க. சட்டசபையில மெம்பருங்க எழுத்துல கேள்வி குடுக்கறாங்கல்ல, இது உண்மையா, அது உண்மையான்னு, அதுக்குப் பதில் எழுதறதுதான் நம்ம வேலை.

மந்திரிதான் சொல்றாரு, யாரு இல்லன்னா? ஆனா மந்திரிக்கு இங்க இருக்கற ஓடையில எவ்ளோ தண்ணி போவுதுன்னு எப்படித் தெரியும் சார். அவரு செக்ரட்டரிய கேப்பாரு. செக்ரட்டரி கலெக்டர கேப்பாரு. கலெக்டர் டிவிஷன கேப்பாரு, டிவிஷன் எங்கள கேக்கும். நாங்க ரெவினியூ இன்ஸ்பெக்டர கேப்போம், அவரு கர்ணத்த கேப்பாரு, கர்ணம் வெத்தலைய மென்னுக்கினே தலையாரிய கூப்புடுவாரு. மெட்ராஸ்ல கெளம்பின கேள்வி கடைசியில தலையாரி வீராசாமி காதுல வந்து விழும். அவன் ஆடு மேய்ச்சிக்கினு இருப்பான்.

அவன் ஒண்ணு சொல்லுவான் பாருங்க, அதுதான் சார் அரசாங்கத்தோட பதிலு. அது மேல போவப் போவ எப்படி ஆவுது தெரியுமா? ஒரு தபா ஒரு மெம்பர் கேட்டாரு, இந்த மாதிரி இன்ன ஊரு வைத்தியசாலைக்கு டாக்டர் ஒழுங்கா வர்றாரான்னு. வீராசாமி சொன்னான், வருவாரு சாமி, புதன்கிழமை, பஸ்ஸு வந்தா, மழை இல்லன்னா. கர்ணம் எழுதினாரு, வாரம் ஒருமுறை வருகிறார். நான் எழுதினேன், வாரந்தோறும் தவறாமல் வருகிறார். டிவிஷன்ல தவறாமல்ங்கறத எடுத்துட்டு முறையாகன்னு போட்டாங்க. மெட்ராஸ் போய் அச்சுல வந்தப்ப இன்னா இருந்துச்சுன்னா, மேற்படி ஊரில் மருத்துவ வசதி திருப்திகரமாக உள்ளது. யாரும் பொய் சொல்லல சார். ஆளுக்கு ஒரு கை இஸ்திரி போட்டோம், அவ்ளோதான்.

சிரிக்கிறீங்க. சிரிங்க சிரிங்க, இதுல பெரிய வித்தை இருக்குது. கேள்வி எப்பவும் அ, ஆ, இன்னு பிரிச்சிதான் வரும். அ-ல, இப்படி இருப்பது உண்மையான்னு கேப்பாங்க. ஆ-ல, ஆம் எனில் என்ன நடவடிக்கைன்னு கேப்பாங்க. நாங்க அ-வுக்கு, முழுவதும் உண்மையல்லன்னு எழுதிடுவோம். அப்ப ஆ தன்னால செத்துப் போச்சு. ஆ-வுக்கு நேரா, கேள்வி எழவில்லைன்னு ரெண்டே வார்த்தை. பதினெட்டு வருஷத்துல நான் இத எத்தினி தபா எழுதியிருப்பேன்னு நெனைக்கிறீங்க? ஒரு நாளு எம் பொண்டாட்டி ருக்மணி கொழம்புல உப்பு இருக்குதா, இல்லன்னா போடட்டுமான்னு கேட்டா. நான் பாட்டுக்கு, இருக்குது, ரெண்டாவது கேள்வி எழவில்லைன்னேன். கரண்டியத் தூக்கிட்டா.

மனுவா? மனுவும் கேள்வியும் ஒண்ணா சார். மனு வந்தா அதுக்கு நம்பர் போட்டு அலமாரியில படுக்க வச்சிடுவோம், அது பாட்டுக்குத் தூங்கும். சட்டசபைக் கேள்வி வந்தா நாங்க தூங்க முடியாது. பைல் மேல செகப்புச் சீட்டு ஒட்டியிருக்கும், இன்ன தேதிக்குள்ள பதில் போய் சேரணும்னு. சேரலன்னா ஆபீசர் சீட்டுக்கே ஆபத்து. ஜனங்க கையில இருக்கறதுலயே அந்த ஒண்ணுக்குத்தான் சார் நாங்க பயப்படறோம். அதனாலதான் இவ்ளோ வித்தை பண்றோம். பதில் ஒரு தபா அச்சுல ஏறிட்டா அப்பால அது கல்வெட்டு. தப்பா வெட்டியிருந்தாலும் கல்வெட்டு கல்வெட்டுதான், யாரும் கை வைக்க மாட்டாங்க.

அதுலதான் சார் நம்ம பொழப்பு நாறிப் போச்சு.

எலந்தமேடுன்னு ஒரு ஊரு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. முப்பது நாப்பது வூடு, ஓடைக்கு அக்கரையில. எம் பொண்ணு சந்தனாவ அங்கதான் குடுத்திருக்கேன். நல்ல எடம், நெலம் நீச்சு உண்டு, மாப்பிள்ள தங்கமான பையன். என் சம்பந்தி தர்மநாதன், நாலு ஊருக்கு நியாயம் சொல்ற மனுஷன். எல்லாம் சரி, ஓடைக்குப் பாலம் கெடையாது. கோடையில செருப்பக் கையில எடுத்துக்கினு நடந்துடலாம். ஐப்பசி, கார்த்திகையில கழுத்து வரைக்கும் ஓடும். பள்ளிக்கூடம் இக்கரையில, வைத்தியசாலை இக்கரையில, பஸ்ஸு இக்கரையில. அக்கரையில இருக்கறது எலந்தமரமும் எம் பொண்ணும்தான்.

கேக்காம இருப்பாங்களா? அறுபத்திரண்டுலயே கேட்டாச்சு. எங்க சம்பந்திதான், அப்ப அவரு யாரோ நான் யாரோ, மெட்ராஸ் வரைக்கும் போயி ஒரு மெம்பரப் புடிச்சு சபையில கேள்வி போட வச்சாரு. எலந்தமேடு ஓடைக்குப் பாலம் இல்லாதது உண்மையா, கட்ட உத்தேசம் உண்டா. பதிலும் வந்துச்சு. மேற்படி ஓடை ஆண்டில் பத்து மாதம் வறண்டிருக்கும். மூன்று பர்லாங்கு தூரத்தில் மாற்றுப் பாதை உள்ளது. பாலம் தேவையில்லை. உத்தேசம் குறித்த கேள்வி எழவில்லை.

மாற்றுப் பாதையா? அங்க ஏது சார் மாற்றுப் பாதை. மூணு பர்லாங்குல ஒரு கருவேலங்காடு இருக்குது, அதுக்கப்புறமும் அதே ஓடைதான் வளைஞ்சு ஓடுது. அது வேற ஊரு ஓடையோட பதில். எவனோ ஒரு குமாஸ்தா பழைய பைல எடுத்து ஊரு பேர மட்டும் மாத்தி அப்படியே எழுதிட்டான். எடத்தப் போய் பாக்கணும்னு ஒரு நெனப்பு கெடையாது. அன்னிலேர்ந்து எலந்தமேட்டுக்காரங்க வருஷா வருஷம் மனு குடுக்கறாங்க. வருஷா வருஷம் ஒரே பதில், இது பற்றி ஏற்கெனவே சட்டமன்றத்தில் பதில் அளிக்கப்பட்டுவிட்டது. அதுக்கு மேல இன்னா பேசுவீங்க?

எனக்கு எப்ப தெரிஞ்சுதுன்னு கேக்கறீங்களா. கல்யாணப் பந்தியில சார். அறுபத்தஞ்சு, வைகாசி. தாலி கட்டி முடிஞ்சு மத்தியானப் பந்தி. சம்பந்தியும் நானும் பக்கத்துப் பக்கத்துல எலை. பாயசம் ஊத்தறாங்க. அவரு மடியிலேர்ந்து ஒரு காகிதத்த எடுத்து என் கையில குடுக்கறாரு. அச்சடிச்ச பதிலு. மூணு வருஷமா மடியிலயே வச்சிக்கினு திரியறாரு மனுஷன். சொல்றாரு, சம்பந்தி, நான் யாருக்கும் கெடுதல் நெனைக்கறவன் இல்ல, எறும்பக்கூட மிதிக்க மாட்டேன். ஆனா இத எழுதின குமாஸ்தாவுக்கு மட்டும் தெனம் ஒரு வேண்டுதல் வச்சிருக்கேன். அவன் பெத்த பொண்ண இந்த ஓடையத் தாண்டிக் குடுக்கணும். அப்பத் தெரியும் அவனுக்கு.

நான் பாயசத்த அப்படியே உட்டுட்டுத் திரும்பிப் பாத்தேன். அந்தாண்டை மணவறையில எம் பொண்ணு மாலையும் கழுத்துமா உக்காந்திருக்குது.

ஆமா சார். நான்தான் அந்தக் குமாஸ்தா.

சொல்றேன், சொல்றேன். அறுபத்திரண்டு கார்த்திகை. சாயந்தரம் நாலரைக்கு அந்த செகப்புச் சீட்டு பைல் என் மேசைக்கு வருது. அதுவே மேல ஒவ்வொரு மேசையா படுத்து எழுந்து வந்திருக்குது, மறுநாள் காலையில பதில் போயாகணும். கார்த்திகை மாசம் பொழுது எப்ப சாயும்? அஞ்சே முக்காலுக்குள்ள இருட்டிடும். ஆபீஸ்லேர்ந்து வூடு ரெண்டு மைலு, சைக்கிள் அன்னிக்குன்னு காத்து எறங்கிப் போச்சு. உக்காந்து விசாரிச்சு எழுதினா அன்னிக்குப் பட்டினிதான். மத்தியானமும் சரியா சாப்பிடல. பழைய பைல் ஒண்ணு கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு, அதுலயும் ஓடை, இதுலயும் ஓடை. ஓடைக்கு ஓடை இன்னா பெரிய வித்தியாசம்னு பத்து நிமிஷத்துல எழுதிக் குடுத்துட்டு ஓடினேன். வூட்ல ரெண்டு தோசை. வெளிச்சம் போறதுக்குள்ள சாப்ட்டு முடிச்சேன். அன்னிக்கு அந்தத் தோசை ருசியா கூட இருந்துச்சு சார், அதுதான் இன்னும் வயித்தெரிச்சல்.

சம்பந்திகிட்ட எப்படி சார் சொல்றது. பொண்ணு வாழப் போற எடம். ஒவ்வொரு தபா போறப்பவும் அவரு காகிதத்த எடுப்பாரு, அந்தக் குமாஸ்தாவுக்கு வேண்டுதல் வைப்பாரு, நானும் ஆமா ஆமான்னு தலையாட்டுவேன். அதவிடக் கொடுமை, அவரு மனு நம்ம மேசைக்குத்தான் வரும். காலையில அவரு வூட்ல அதிரசம் தின்னுட்டு, மத்தியானம் அவருக்கே, ஏற்கெனவே பதில் அளிக்கப்பட்டுவிட்டதுன்னு எழுதி அனுப்பியிருக்கேன். கீழ ஆபீசர் கையெழுத்து, அதனால தெரியாது.

ஆபீசர்கிட்ட சொல்லாம இருப்பேனா? சொன்னேன். அவரு கதவ சாத்திட்டு சொன்னாரு, குணபாலா, சபையில சொன்ன பதில் தப்புன்னு நாம எழுதினா மந்திரி தப்பு சொன்னாருன்னு ஆவும். அப்புறம் உன் தலையும் இருக்காது, என் தலையும் இருக்காது. தூங்கறத எழுப்பாதே. சரின்னு வந்துட்டேன். தூங்கட்டும்னு விட்டுட்டேன் சார், அதான் என் தப்பு.

போன ஐப்பசியிலதான் அது முழிச்சிக்கிச்சு. தலைப்பிரசவம், ஒம்பதாம் மாசம் கூட்டிக்கினு வரலாம்னு எலந்தமேடு போறேன். அன்னிக்கு ராத்திரியே மழை புடிச்சிக்கிச்சு. காலையில ஓடை ரெண்டு கரையும் தொட்டுக்கினு ஓடுது, பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. மருத்துவச்சி அமிர்தவல்லியம்மா இக்கரையில நின்னு கை ஆட்டுது. இன்னா பண்றது? சம்பந்தி வூட்ல நெல்லு அவிக்கற அண்டா ஒண்ணு இருக்குது, ரெண்டு ஆளு உக்காரலாம். அதுக்குள்ள வைக்கோல் போட்டு, பொடவ போட்டு, பொண்ண உக்கார வச்சு ஆறு பேரு நீந்திக்கினே தள்றோம். மாப்பிள்ள ஒரு பக்கம், சம்பந்தி ஒரு பக்கம், ஒரு காதப் புடிச்சிக்கினு நானு. எனக்கு நீச்சல் தெரியாது சார். அண்டாவப் புடிச்சிருந்ததால நான் பொழைச்சேன், நான் புடிச்சதால அண்டா சாயாம இருந்துச்சுன்னு சொல்ல முடியாது.

பாதி ஓடையில கொழந்த பொறந்துடுச்சு.

ரெண்டும் நல்லா இருக்குது சார், மவராசனா இருக்குது. ஆம்பளப் புள்ள. பேரு ஜீவரத்தினம். ஊரே அண்டான்னுதான் கூப்புடுது. அண்டா பால் குடிச்சானா, அண்டா தூங்கிட்டானா. ஆனா அந்தத் தண்ணியில, எம் பொண்ணு வலியில கத்தறப்ப, சம்பந்தி மூச்சு வாங்கிக்கினே சொல்றாரு, அந்தக் குமாஸ்தா இப்ப இங்க இருக்கணும் சம்பந்தி. நான் அண்டாவுக்கு இந்தாண்டைதான் இருக்கேன். ஓடைத் தண்ணியில அழுதா யாருக்கும் தெரியாது, அது ஒண்ணுதான் சௌகரியம்.

அன்னிக்கு இக்கரை வந்த பொண்ணு இன்னும் திரும்பிப் போவல. பதினோரு மாசம் ஆவுது. நைனா, பாலம் கட்டட்டும், அன்னிக்கே போறேன், எம் புள்ளைய மறுபடியும் அந்தத் தண்ணியில எடுத்துக்கினு போவ மாட்டேன்னு ஒத்தக் காலுல நிக்குது. மாப்பிள்ள வாரம் ஒரு தபா வந்து புள்ளையப் பாத்துட்டுப் போறாரு. ஊருல இன்னா பேசுவாங்க? பொண்ணு வாழாவெட்டின்னு பேச ஆரம்பிச்சாச்சு. பாலம் வர்ற வரைக்கும் எம் பொண்ணுக்கு வாழ்க்கை எழவில்லை சார். வேற இன்னா சொல்றது.

அதுக்குத்தான் இங்க உக்காந்திருக்கேன். மூணு ஞாயித்துக்கிழமையா. ஞாயித்துக்கிழமை இன்னா ஆபீஸுன்னு ருக்மணி கேக்கறா, அவசர பைலுன்னு சொல்லிட்டு வர்றேன். நீங்க வடக்கேர்ந்து வந்து இந்த ஸ்டாண்டுலதான பஸ்ஸு மாறி திண்டிவனம் போயி ரயில் ஏறுவீங்க, சபை கூடறப்பல்லாம்? செல்லப்பன் சொன்னான். எம்எல்ஏவா இருந்தும் வரிசையில நின்னு பஸ்ஸு ஏறுவாருன்னு. போன வாரம் நீங்க வரல, அதுக்கு முந்தின வாரம் உங்களச் சுத்தி நாலு பேரு இருந்தாங்க. இன்னிக்குத்தான் தனியா மாட்டினீங்க.

தெரியாத மாதிரி பேசினதுக்கு மன்னிச்சிக்கங்க ஐயா. மொதல்லயே சொல்லியிருந்தா மனு குடுன்னு சொல்லியிருப்பீங்க.

எங்க தொகுதிக்காரர்கிட்ட போனா விடியறதுக்குள்ள ஆபீஸுக்குத் தெரிஞ்சிடும். கேள்வி வர்றதுக்கு முன்னாடியே பதில் தயாரா இருக்கும். நீங்க வெளித்தொகுதி, யாரும் எதிர்பாக்க மாட்டாங்க. அதுவுமில்லாம உங்க கேள்வி எனக்குப் பழக்கம். எல்லா தாலுக்காவுக்கும்னு நீங்க போட்ட கேள்வி மூணு நம்ம மேசைக்கு வந்துச்சு. கோவிச்சிக்காதீங்க, உங்க கேள்விக்குப் பதில் எழுதறது ரொம்ப சுலபம். உண்மையான்னு கேட்டுட்டு உட்டுடறீங்க. நாங்க அந்த வழியா பூந்து ஓடிடறோம். அதனாலதான் அவ்ளோ நேரம் வித்தையெல்லாம் சொன்னேன். பூந்து ஓட முடியாத மாதிரி ஒண்ணு நானே எழுதி எடுத்தாந்திருக்கேன். கண்ணாடி போட்டுக்கங்க, இல்ல நான் படிக்கிறேன்.

அ. எலந்தமேடு ஓடைக்கு மாற்றுப் பாதை எந்த சர்வே நம்பரில் உள்ளது? பாத்தீங்களா, உண்மையான்னு கேக்கல, நம்பர் கேக்கறேன். இல்லாத பாதைக்கு நம்பர் எங்க போவாங்க? ஆ. சென்ற ஐப்பசியில் கர்ப்பிணி ஒருவர் நெல் அவிக்கும் அண்டாவில் ஓடையைக் கடந்த நாளன்று தண்ணீர் எத்தனை அடி? இ. 1962இல் பதில் எழுதும் முன் இடத்தைப் பார்வையிட்ட தேதி எது? ஈ. பார்வையிடவில்லை எனில், எழுதியவர் பெயரும் காரணமும் என்ன? உ. பாலம் கட்டும் வேலை தொடங்கும் மாதம் எது?

நாலாவது வேண்டாங்கறீங்களா? அத எடுத்தா மத்தது நிக்காது ஐயா. மேல இருக்கறவங்களுக்கு ஒரு தலை வேணும். தலை கெடைச்சாத்தான் தப்ப ஒத்துக்குவாங்க, இல்லன்னா ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திக்கினு பழைய பதிலே சரின்னு சாதிப்பாங்க. புது ஆட்சி வேற, பழைய ஆட்சி பதில் தப்புன்னு சந்தோஷமா சொல்லுவாங்க. ஒரு குமாஸ்தா தலைதான, போவட்டும். மெமோ வரும், இன்கிரிமெண்ட் போவும், வேலை போனாலும் போவும். சம்பந்திக்கும் தெரிஞ்சிடும். அவரு மடியில இருக்கற காகிதத்துக்குப் பக்கத்துல இந்தக் காகிதத்தையும் வச்சிக்கட்டும். எம் பொண்ணுக்கும் தெரிஞ்சிடும். அதுதான்... சரி, தெரியட்டும்.

கேள்வி எப்படியும் எம் மேசைக்குத்தான் வரும். பதில்கூட எழுதிட்டேன், இந்தப் பாக்கெட்டுல இருக்குது. நாலாவதுக்கு மட்டும் படிக்கிறேன். எழுதியவர் குமாஸ்தா குணபாலன். காரணம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டியிருந்தது. இதுக்கு மேல யாராவது இஸ்திரி போடட்டும் பாக்கலாம்.

பேனா இந்தாங்க. பெஞ்சி மேல வைக்காதீங்க, மேடு பள்ளம், டிபன் பாக்ஸு மூடி மேல வச்சுக் கையெழுத்துப் போடுங்க. அங்க இல்ல, அதுக்குக் கீழ. ஆங், தேதியும் போட்டுடுங்க.

அதோ பஸ்ஸு வந்துடுச்சு, செல்லப்பன் கை காட்டறான். பாக்ஸையும் எடுத்துக்கங்க ஐயா, திண்டிவனம் போறதுக்குள்ள பசிக்கும். ரெண்டே தோசைதான், மொளகாப்பொடி வச்சிருக்குது. இல்ல, நான் சாப்பிட முடியாது. மலைக்கு அந்தாண்டை எறங்கிடுச்சு பாருங்க.